மதர்போர்டை மாற்றாமல் கேமிங் கணினியைத் தரமுயர்த்தல்: ராம் விலை ஏறிய காலத்தின் கணக்கு

உலகச் சந்தையில் கணினியின் தற்காலிக நினைவகமான ராமின் புதிய வகை டிடிஆர்5. அதன் விலை 2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் இரு மடங்குக்கும் மேல் ஏறியது. கொழும்பு பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த யுனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி விலை கேட்பவர்களுக்கு இது பெரும் குழப்பத்தைத் தந்திருக்கிறது. கொட்டேஷனின் கீழ்ப்பகுதியில் சிறு தொகையாகக் கிடந்த ராம், இப்போது புரொசசரின் விலையோடு போட்டியிடும் பொருளாகிவிட்டது. முதலில் மதர்போர்ட், புரொசசர், ராம் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு, கிராபிக்ஸ் கார்ட்டைப் பிறகு பார்க்கலாம் என்று சில வருடங்களாகச் சொல்லப்பட்டுவந்த அறிவுரையும் இதனால் செல்லாக்காசாகிவிட்டது.

மூன்று முதல் எட்டு வருடம் பழைய கணினி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒன்றரை இலட்சம் முதல் இரண்டு இலட்சம் ரூபா வரை செலவிடக்கூடியவர்களை மனதில் வைத்து எழுதப்படும் விளக்கம் இது. இந்த அளவு பணத்தில் இன்று கிடைக்கும் மிகப்பெரிய சேமிப்பு, கணினிக்குள் ஏற்கெனவே இருக்கும் ராமையும் அதைத் தாங்கும் மதர்போர்டையும் கழற்றாமல் வைத்திருப்பதுதான். அது எவருக்குப் பொருந்தும், எவருக்குப் பொருந்தாது என்பதை அறிய, விலையின் காரணத்திலிருந்து தொடங்குவது நல்லது.

விலை ஏறியது ஏன்?

ராமில் இருக்கும் நினைவகச் சில்லுகளில் மிகப் பெரும்பகுதியை உலகில் மூன்று நிறுவனங்களே உற்பத்தி செய்கின்றன: தென் கொரியாவின் சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரோன். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்குத் தேவைப்படும் எச்பிஎம் எனப்படும் அதிவேக நினைவகமும் இதே தொழிற்சாலைகளிலிருந்துதான் வருகிறது. ஒரே கொள்ளளவைத் தயாரிப்பதற்கு எச்பிஎம் சாதாரண டிடிஆர்5ஐ விட ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கன் தகட்டை விழுங்குகிறது. ஆனால் இலாபம் அதில்தான் அதிகம். ஆகவே தொழிற்சாலைகளின் கொள்ளளவு அந்தப் பக்கம் சாய்ந்தது. 2025 டிசெம்பர் மாதத்தில் மைக்ரோன், குருசியல் என்ற பெயரில் சாதாரணப் பாவனையாளர்களுக்கு விற்றுவந்த வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்தது. பழைய டிடிஆர்4 வகையின் உற்பத்தியும் குறைக்கப்பட்டு வந்ததால் அதன் விலையும் தப்பவில்லை.

இந்த உலக விலையின் மீது உள்நாட்டுக் கணக்கு ஏறுகிறது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களிலேயே 360 ரூபாவைத் தொட்டுப் பின்னர் 300 ரூபா அளவுக்கு இறங்கியது. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். அமெரிக்காவில் 299 டொலருக்கு அறிவிக்கப்படும் ஒரு கார்ட்டை, டொலர் ஒன்று 300 ரூபா என்று வைத்துக் கணக்கிட்டால் 89,700 ரூபா வரும். பெறுமதி சேர் வரியை மட்டும் சேர்த்தாலே அது ஏறத்தாழ 106,000 ரூபா ஆகிவிடும். சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி, கப்பல் கூலி, இறக்குமதியாளரின் இலாபம், கடையின் இலாபம் ஆகியன அதற்கு மேல் வரும். வெளிநாட்டு யூடியூப் அலைவரிசைகளில் சொல்லப்படும் விலையை 300ஆல் பெருக்கிக்கொண்டு கடைக்குப் போகிறவர் ஏமாற்றமடைவது இதனால்தான். கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்ற முடிவுக்கு வருவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நியாயம்.

ஒரு பிரேம் உருவாகும் விதம்

விளையாட்டில் திரையில் தோன்றும் ஒவ்வொரு தனிப் படமும் ஒரு பிரேம். செக்கனுக்கு எத்தனை பிரேம் வருகிறது என்பதையே எஃப்பிஎஸ் என்கிறோம். செக்கனுக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு பிரேமுக்கும் 16.7 மில்லிசெக்கன் அவகாசம் உண்டு. 144 பிரேம் வேண்டுமென்றால் 6.9 மில்லிசெக்கன் மட்டுமே.

அந்த அவகாசத்துக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. எதிரி எங்கே நிற்கிறார், குண்டு எங்கே பட்டது, எந்தப் பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பவற்றைப் புரொசசர் கணித்து, வரைய வேண்டியவற்றின் பட்டியலைத் தயாரிக்கிறது. அந்தப் பட்டியலை வாங்கி, நிறமும் ஒளியும் நிழலும் சேர்த்து வரைவது கிராபிக்ஸ் கார்ட். இரண்டும் ஒரே நேரத்தில் அடுத்தடுத்த பிரேம்களில் வேலை செய்வதால், இரண்டில் மெதுவானது எதுவோ அதன் வேகமே திரையில் தெரியும் வேகம். இதைத்தான் பொட்டில்நெக் என்கிறார்கள்.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை கிடைக்கிறது. திரையின் துல்லியம் கூடும்போது கார்ட்டின் வேலை கூடுகிறது; புரொசசரின் வேலை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. 1080பி திரையில் சுமார் 20.7 இலட்சம் புள்ளிகள். 1440பி திரையில் சுமார் 36.9 இலட்சம். எனவே 1080பி திரையில் செக்கனுக்கு 200 பிரேம் தேடும் போட்டி விளையாட்டுக்காரரின் தேவையும், 1440பி திரையில் கதை விளையாட்டுகளை 60 பிரேமில் அனுபவிக்க விரும்புபவரின் தேவையும் ஒன்றல்ல. முன்னவருக்குப் புரொசசர் தடையாக இருக்கும் வாய்ப்பு அதிகம். பின்னவருக்குப் பெரும்பாலும் கார்ட்தான் தடை.

தடை எங்கே என்று கண்டுபிடித்தல்

பணம் செலவழிக்காமல் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இவை. வரிசை முக்கியம், முதல் இரண்டையும் தாண்டாமல் கடைக்குப் போகக் கூடாது.

1. கேபிளையும் அமைப்பையும் பாருங்கள். மொனிட்டரின் கேபிள் கிராபிக்ஸ் கார்ட்டில் செருகப்படாமல் மதர்போர்டின் துளையில் செருகப்பட்டிருக்கும் கணினிகள் எதிர்பார்ப்பதைவிட அதிகம். அவ்வாறே, 144 ஹேர்ட்ஸ் மொனிட்டரை வாங்கிவிட்டு, வின்டோஸின் திரை அமைப்பில் அது 60 ஹேர்ட்ஸில் ஓடுவதை அறியாமலே இருப்பவர்களும் உண்டு.

2. ராம் எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 3200 வேகமுடைய டிடிஆர்4 ராம் ஒற்றைத் துண்டாக இருந்தால் செக்கனுக்கு 25.6 கிகாபைட் தரவையே கடத்தும். அதே வேகத்தில் இரண்டு துண்டுகள் சரியான துளைகளில் இருந்தால் 51.2 கிகாபைட். மேலும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயோஸில், ராமை அச்சிட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்காவிட்டால் 3200 என்று அச்சிட்ட ராமும் பெரும்பாலும் 2133, 2400 அல்லது 2666 வேகத்திலேயே ஓடும். இதைச் சரிசெய்யச் செலவு எதுவும் இல்லை.

3. விளையாடும்போது கார்ட்டின் பாவனை வீதத்தைப் பாருங்கள். 95 சதவீதத்துக்கு மேல் நிலையாக நின்றால் கார்ட் முழு மூச்சாக வேலை செய்கிறது, தடை அதுவே. 60, 70 சதவீதத்தில் அலைந்துகொண்டு எஃப்பிஎஸ் குறைவாக இருந்தால் தடை வேறெங்கோ இருக்கிறது.

4. திரைத் துல்லியத்தை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் பாய்ந்து ஏறினால் கார்ட் பலவீனம். அசையாவிட்டால் புரொசசர் பலவீனம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வின்டோஸின் டாஸ்க் மனேஜரில் புரொசசர் 40 சதவீதம் என்று காட்டினால் அது ஓய்வாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆறு கோர் (கணிப்பு மையம்), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத்தொடர்) உள்ள புரொசசரில் ஒரு திரெட் முழுதாக நிரம்பினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். விளையாட்டின் முதன்மைத் திரெட் அந்த ஒன்றிலேயே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். ஆகவே புரொசசரைப் பற்றி முடிவெடுக்க மூன்றாவது, நான்காவது சோதனைகளை நம்பலாம். மொத்தச் சதவீதத்தை நம்ப வேண்டாம்.

இணையத்தில் விளையாடுவோர் இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். ஆள் ஓர் இடத்தில் நின்று திடீரென வேறிடத்தில் தோன்றுவது வலைத்தொடர்பின் தாமதம். கொழும்பிலிருந்து மும்பைக்கோ சிங்கப்பூருக்கோ தரவு போய்வர எடுக்கும் நேரத்தை எந்த கிராபிக்ஸ் கார்ட்டாலும் குறைக்க முடியாது. இந்தத் தாமதத்தையும் எஃப்பிஎஸ் குறைவதையும் "லாக்" என்ற ஒரே சொல்லால் அழைப்பதால் பலர் பிழையான பொருளுக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

எந்த மதர்போர்டை வைத்துக்கொள்ளலாம்?

தடை புரொசசரில் இருந்தாலும் மதர்போர்டை மாற்ற வேண்டும் என்று அர்த்தமில்லை. மதர்போர்டில் புரொசசர் பொருந்தும் இடமான சொக்கெட்டை மாற்றாமலே எவ்வளவு தூரம் ஏற முடியும் என்பதே கேள்வி.

ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சொக்கெட் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். 2017இல் முதல் ரைசன் புரொசசர்களோடு பரவிய இந்தச் சொக்கெட், 2020 நவம்பரில் வந்த 5000 வரிசையையும் ஏற்கிறது. பி450 மதர்போர்டில் ரைசன் 5 2600 பூட்டி வைத்திருப்பவர், பயோஸைப் புதுப்பித்துவிட்டு ரைசன் 5 5600ஐப் பூட்டலாம். ராமும் குளிர்விப்பானும் மாறத் தேவையில்லை. விளையாட்டுகளுக்கென்றே கூடுதல் கேஷ் நினைவகம் சேர்த்த 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி ஆகியவை நியாயமான விலையில் கண்ணில் பட்டால் போட்டி விளையாட்டுக்காரர் அவற்றைத் தவறவிடக் கூடாது. ஆனால் அவற்றுக்குச் சற்றுப் பெரிய குளிர்விப்பான் வேண்டும்.

இன்டெல் பக்கம் நிலைமை கடினமானது. ஒன்பதாம் தலைமுறையுடன் ஒரு சொக்கெட்டும், பதினோராம் தலைமுறையுடன் அடுத்ததும் முடிந்துவிட்டன. எல்ஜிஏ1151 என்ற ஒரே பெயரில் இரண்டு வகை மதர்போர்ட்கள் இருப்பதும், 100, 200 வரிசைப் போர்ட்கள் எட்டாம் தலைமுறைப் புரொசசரை ஏற்காது என்பதும் பாவித்த புரொசசர் வாங்குவோரை அடிக்கடி ஏமாற்றும் விடயங்கள். எல்ஜிஏ1700 மட்டும் தாராளமானது: ஐ5 12400 வைத்திருப்பவர் அதே போர்டில் பதினான்காம் தலைமுறை வரை ஏறலாம். பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறைகளின் உயர்ரகப் புரொசசர்களில் தேவைக்கு அதிகமான மின்னழுத்தம் கோரப்பட்டதால் அவை நிலைகுலைந்தமையும், இன்டெல் 2024இல் பயோஸ் வழியாகத் திருத்தம் வெளியிட்டமையும் நினைவிருக்கட்டும். பாவித்த ஐ7 அல்லது ஐ9 வாங்கும்போது, முந்தைய உரிமையாளர் எப்போது பயோஸைப் புதுப்பித்தார் என்று கேட்பது வீண் கேள்வி அல்ல.

பயோஸ் புதுப்பிப்பின் நடுவே மின்சாரம் போனால் மதர்போர்ட் இயங்காமலே போகலாம். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டதாக அமைச்சரே சொன்ன நாட்டில், இந்த வேலையை யூபிஎஸ் இல்லாமல் செய்வது துணிச்சல் என்றே சொல்ல வேண்டும்.

வின்டோஸ் விடயமும் இதோடு சேர்ந்தது. வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. வின்டோஸ் 11 முறைப்படி இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது ரைசன் 2000 வரிசையிலிருந்தே ஏற்கிறது, டிபிஎம் 2.0, செக்கியூர் பூட் ஆகிய பாதுகாப்பு அம்சங்களையும் கோருகிறது. வலரன்ட் போன்ற விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளும் வின்டோஸ் 11இல் இவற்றையே கேட்கிறது. பெரும்பாலான பழைய போர்ட்களில் இவை இருக்கின்றன, பயோஸில் அணைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

கிராபிக்ஸ் கார்ட்: மூன்று எண்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும்

விளம்பரத்தில் பெரிதாக எழுதப்படுவது கார்ட்டின் பெயர். வாங்குபவர் பார்க்க வேண்டியவை வீராமின் அளவு, கார்ட்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ பாதையின் அகலம், மின்தேவை ஆகிய மூன்றும்.

வீராம் என்பது கார்ட்டின் சொந்த நினைவகம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 கார்ட்டில் இது 8 கிகாபைட். செக்கனுக்கு 448 கிகாபைட் வேகத்தில் படிக்கப்படுகிறது. ஒரு விளையாட்டுக்கு 8 கிகாபைட்டுக்கு மேல் தேவைப்பட்டால், மிச்சம் பிசிஐஇ பாதை வழியாகக் கணினியின் ராமுக்குத் தள்ளப்படும். இங்கேதான் இரண்டாவது எண் உயிர்பெறுகிறது. ஆர்டிஎக்ஸ் 5060 எட்டு வழித்தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. புதிய மதர்போர்டில் இது பிரச்சினையில்லை. ஆனால் பி450 போன்ற பிசிஐஇ 3.0 போர்டில் எட்டு வழித்தடங்களின் மொத்த வேகம் செக்கனுக்கு 8 கிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. 448 எங்கே, 8 எங்கே! சராசரி எஃப்பிஎஸ் நன்றாகத் தெரிந்தாலும், மூலை திரும்பும்போதெல்லாம் படம் ஒரு கணம் தடுக்கி நிற்பதற்குக் காரணம் இந்த இடைவெளி.

மதர்போர்டை மாற்றப்போவதில்லை என்று முடிவெடுத்தவருக்கு இதனால் ஒரு தெளிவான விளைவு உண்டு. பழைய போர்டில், அதிக வீராமும் பதினாறு வழித்தடமும் உள்ள கார்ட்டே பொருத்தமானது. 2025 ஜூனில் 349 டொலருக்கு அறிவிக்கப்பட்ட ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 கிகாபைட் கார்ட் இந்த இரண்டையும் கொண்டது. அதே பெயரில் 8 கிகாபைட் வடிவமும் இருப்பதால் பெட்டியின் மேலுள்ள எண்ணைப் பார்த்தே பணம் கொடுக்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐக்கும் இவ்வாறே இரண்டு வடிவங்கள் உண்டு. நினைவகச் சில்லுகளின் விலையேற்றம் கார்ட்களையும் அழுத்துவதால், 16 கிகாபைட் வடிவங்களுக்கே அந்த அழுத்தம் அதிகம் விழும் என்பதையும் கணக்கில் கொள்ளலாம்.

இன்டெலின் ஆர்க் பி580, 12 கிகாபைட் வீராமுடன் 249 டொலருக்கு 2024 டிசெம்பரில் அறிவிக்கப்பட்டது. தாளில் அழகான கார்ட். ஆனால் அதன் டிரைவர், அதாவது கார்ட்டை இயக்கும் மென்பொருள், புரொசசரிடம் அதிக வேலை வாங்குகிறது. புரொசசர் வீராம் முழுவதையும் ஒரே நேரத்தில் அணுக உதவும் ரீசைசபிள் பார் என்ற அம்சம் இல்லாத கணினியில் மிகவும் தளர்ந்துவிடுகிறது. ஆகவே பழைய ஆறு கோர் புரொசசரோடு அதைச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய கார்ட்டையே இன்னும் சில காலம் இழுக்கலாமா என்று கேட்பவர்கள் இரண்டு விடயங்களை அறிந்திருக்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கான விளையாட்டு டிரைவர்களை என்விடியா 2025 ஒக்டோபருடன் நிறுத்தியது. இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. மேலும், 2025 மே மாதத்தில் வெளியான டூம்: த டார்க் ஏஜஸ் போன்ற சில புதிய விளையாட்டுகள் ஒளியின் பாதையைக் கணித்து வரையும் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்ட்டில் தொடங்குவதே இல்லை. ஜிடிஎக்ஸ் 1060, 1660, ஆர்எக்ஸ் 580 ஆகிய மூன்றும் இதில் வெளியே நிற்கின்றன.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற உத்திகள் குறைந்த துல்லியத்தில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுபவை. இவை உண்மையான உதவி. குறிப்பாக 1440பி திரையில். பிரேம் ஜெனரேஷன் வேறு வகை. அது இரண்டு உண்மையான பிரேம்களுக்கிடையே கணித்துச் செய்த பிரேம்களைச் செருகுகிறது. எண் இரட்டிப்பாகும், மவுஸை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் இடையிலான தாமதம் குறையாது, சற்றுக் கூடும். அடிப்படை வேகம் 60 பிரேமுக்கு அருகில் இருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். 25 பிரேமில் தவிக்கும் கார்ட்டை அது காப்பாற்றாது.

பவர் சப்ளை, வெப்பம், கடற்காற்று

மலிவான கேசிங்கோடு சேர்ந்து வரும் பவர் சப்ளையின் பக்கத்தில் 500 வொட் என்று அச்சிட்டிருக்கும். அதற்குக் கீழே உள்ள சிறிய அட்டவணையைப் பாருங்கள். புரொசசரும் கார்ட்டும் 12 வோல்ட் வரிசையிலிருந்தே மின்சாரத்தை எடுக்கின்றன. அந்த வரிசையில் 22 அம்பியர் என்று இருந்தால் 12ஐ 22ஆல் பெருக்க 264 வொட். அதுதான் அந்தப் பவர் சப்ளையின் உண்மையான வலு. 500 என்பது அலங்காரம். ரைசன் 5 5600உடன் 160 வொட் கார்ட் ஒன்று சேர்ந்த கணினி விளையாடும்போது சுமார் 300 வொட் எடுக்கும். நம்பகமான 550 வொட் பவர் சப்ளை அதற்குத் தாராளம். 80 பிளஸ் என்ற முத்திரை மின்வினைத்திறனை மட்டுமே உறுதிசெய்கிறது என்பதால், மிகைமின்னோட்டத்துக்கும் குறுஞ்சுற்றுக்கும் எதிரான பாதுகாப்புகள் இருக்கின்றனவா என்று தனியாகப் பார்க்க வேண்டும். அலுவலகங்களில் காணப்படும் 650 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வொட் அளவையே தாங்கும். மின்சாரம் போனால் விளையாட்டைத் தொடர்வதற்கு அது உதவாது, கணினியை ஒழுங்காக அணைப்பதற்கு உதவும்.

வெப்பத்தைப் பற்றி: வெளிநாட்டு விமர்சனங்கள் 21, 22 பாகை அறைகளில் அளக்கப்பட்டவை. ஏசி இல்லாத கொழும்பு அறை பகலில் 31 பாகை இருந்தால், அந்த வித்தியாசம் அப்படியே கார்ட்டின் வெப்பநிலையில் ஏறும். கண்ணாடி முகப்பும் பல வண்ண விளக்கும் உள்ள கேசிங்கைவிட, முன்பக்கம் வலையாக உள்ள கேசிங்கும் இரண்டு காற்றாடிகளும் அதிகம் பயன்படும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் காலி வீதிக்குக் கடற்பக்கமாக உள்ள ஒழுங்கைகளில் குடியிருப்போருக்கு இன்னொரு தொல்லை உண்டு. உப்புக்காற்று கார்ட்டின் உலோகத் தகட்டிலும் திருகாணிகளிலும் துருவை ஏற்படுத்துகிறது. கணினியைக் கடல் பார்த்த யன்னலடியில் வைக்காமல் இருப்பதும், சில மாதங்களுக்கு ஒருமுறை தூசி தட்டுவதும் இதற்குப் போதும்.

துருவை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. பல கடைகளின் பற்றுச்சீட்டின் அடியில் சிறிய எழுத்தில், எரிந்த அடையாளமோ துருவோ இருந்தால் வரண்டி செல்லாது என்றும், ஒரு வருட வரண்டி என்பது 350 நாட்கள் என்றும் எழுதப்பட்டிருக்கும். மூன்று வருட வரண்டி என்று நம்பி மூன்றாம் வருடத்தின் கடைசி மாதத்தில் கார்ட்டைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு அப்போதுதான் அந்த 45 நாள் வித்தியாசம் தெரியவரும்.

பணத்தைப் பிரிக்கும் விதம்

பி450 போர்ட், ரைசன் 5 2600, ஜிடிஎக்ஸ் 1060, 16 கிகாபைட் டிடிஆர்4 ராம், கேசிங்கோடு வந்த பவர் சப்ளை, 1080பி மொனிட்டர் என்ற கணினியை எடுத்துக்கொள்வோம். கொழும்பில் 2018, 2019ஆம் ஆண்டுகளில் பூட்டப்பட்ட கணினிகளுக்கு இது பொதுவான உருவம். இதற்கு நான் போடும் வரிசை:

1. முதலில் பவர் சப்ளை. மொத்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு இதற்குப் போகட்டும். புதிய கார்ட்டைப் பழைய பவர் சப்ளையில் "பார்ப்போமே" என்று பூட்டுவதுதான் ஆபத்தான கட்டம்.

2. அடுத்து கார்ட். பணத்தின் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கு வரை இதற்கு.

3. கார்ட்டைப் பூட்டிய பின் மேலே சொன்ன சோதனைகளை மறுபடி செய்து, புரொசசர் தடையாக நின்றால் மட்டும் ரைசன் 5 5600. பழைய 2600ஐ விற்றால் ஒரு பகுதிப் பணம் திரும்பி வரும். 60 பிரேம் போதுமென்பவர் இந்தப் படியைச் சில மாதங்கள் தள்ளிப்போடலாம்.

4. விளையாட்டுகள் இன்னும் ஹார்ட் டிஸ்கில் இருந்தால் ஒரு எஸ்எஸ்டி. எஃப்பிஎஸ் கூடாது, ஆனால் திறந்த உலக விளையாட்டுகளில் படம் தடுக்கி நிற்பது குறையும். எஸ்எஸ்டியின் விலையும் நினைவகச் சில்லுகளோடு சேர்ந்து ஏறியிருப்பதால் தேவையான அளவை மட்டும் வாங்கலாம்.

ராம் இந்தப் பட்டியலில் இல்லை. 16 கிகாபைட் இன்றும் பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் போதும். 8 கிகாபைட் மட்டும் உள்ளவர், பாவித்த டிடிஆர்4 துண்டு ஒன்றைத் தேடிச் சேர்ப்பது நல்லது. ராமில் தேய்ந்துபோகும் பாகம் எதுவும் இல்லாததால், சோதித்து வாங்கினால் பாவித்ததில் அச்சம் குறைவு.

பாவித்த கார்ட் வாங்கும்போது

கார்ட்டில் தேயும் பாகம் உண்டு: காற்றாடிகளும், சில்லுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள வெப்பப் பசையும். எதேரியம் நாணயம் 2022 செப்டெம்பர் 15ஆம் திகதி கிராபிக்ஸ் கார்ட்களால் அகழும் முறையைக் கைவிட்ட பிறகு, இரவு பகலாக ஓடிய கார்ட்கள் சந்தையில் கொட்டப்பட்டன. அவற்றில் சில இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. விற்பவரின் வீட்டிலேயே பாரமான விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் ஓடவிட்டு, வெப்பநிலையையும் காற்றாடியின் சத்தத்தையும் கவனியுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, பெயரும் வீராமும் சொன்னபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் விற்கப்படும் கார்ட்களில் 2304 கணிப்பு அலகுகளுக்குப் பதிலாக 2048 மட்டுமே உள்ள வகை ஒன்று சீனச் சந்தைக்காகவே வந்தது. அதை முழுக் கார்ட்டின் விலைக்குத் தள்ளிவிடுபவர்கள் உண்டு.

மதர்போர்டை மாற்றியே ஆக வேண்டியவர்கள்

இன்டெல் நான்காம் தலைமுறையிலிருந்து ஏழாம் தலைமுறை வரை வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன சேமிப்பு கிடைக்காது. அவர்களில் நாலு கோர் ஐ5 வைத்திருப்பவர்களுக்கு எந்தப் புதிய கார்ட்டைப் பூட்டினாலும் புரொசசரே கழுத்தைப் பிடிக்கும். இறக்குமதியாகும் பாவித்த அலுவலகக் கணினியை வாங்கி விளையாடுபவர்கள் பலரும் இந்த வகையினரே. அந்தக் கணினிகளின் பவர் சப்ளையும் போர்டும் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருப்பதால் சாதாரணப் பாகங்கள் பொருந்தாது. இப்போதைக்கு ஏதாவது வேண்டுமென்றால், தனி மின்கேபிள் கேட்காத 70 வொட் ஆர்டிஎக்ஸ் 3050 6 கிகாபைட் கார்ட் அங்கே பூட்டக்கூடிய ஒன்று. சிறிய கேசிங்காக இருந்தால் கட்டை உயரக் கார்ட்டாகப் பார்க்க வேண்டும்.

முழுதாக மாறுபவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. 2022 செப்டெம்பரில் வந்த ஏஎம்5 சொக்கெட் டிடிஆர்5 ராமை மட்டுமே ஏற்கும். எதிர்காலத்தில் புரொசசரை மட்டும் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு அதில் உண்டு, ஆனால் ராமின் இன்றைய விலை கார்ட்டுக்கான பணத்தை விழுங்கிவிடும். மற்றது, ஏஎம்5க்கு மாறுபவர்கள் விற்கும் பழைய ஏஎம்4 போர்ட், புரொசசர், ராம் ஆகிய மூன்றையும் ஒரே தொகுதியாக வாங்குவது. இந்த வரவுசெலவில் இரண்டாவதே சரியென்பது என் கணிப்பு. அப்படி வாங்குபவர் ராமைத் தனியாகக் கழித்துவிட்டு விலை குறைக்க ஒத்துக்கொள்ளக் கூடாது; தொகுதியை அரிதாக்குவது அந்த இரண்டு துண்டுகள்தான். அவை பூட்டியபடியே கணினி தொடங்குவதையும், பயோஸில் எக்ஸ்எம்பி வேகம் ஏற்கப்படுவதையும் விற்பவரின் முன்னிலையிலேயே பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுக்கலாம்.